தீர்த்தம்மாள் ஏறிய சாரம்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து பென்னாகரம் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் ‘வெங்கட் ஆர்ட்ஸ்’ இருந்தது. முன்னறை கடை, பின்னறை வீடு. இரண்டுக்கும் நடுவே கதவு கிடையாது. பழைய வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். எண்பத்தொன்றாம் வருஷத்துக்குப் பிறகு அந்தத் திரையும் போயிற்று. வெங்கடாசலத்தின் கட்டில் சரியாக அந்த இடத்தில் போடப்பட்டது. கடையில் யார் வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பது அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

வெங்கடாசலம் படக்காரன். சேலத்தில் சினிமா பேனர் வரைகிற கம்பெனியில் தொழில் பழகியவன். தையல் கடைக்காரன் போர்டு கேட்டு வந்தால் ஒரு மயில் இல்லாமல் அனுப்ப மாட்டான். பால் கடை என்றால் பசு, பக்கத்தில் கன்று, கன்றின் கண்ணில் இமை. ஒரு போர்டுக்குப் பதினைந்து நாள் ஆகும். மற்றவர்கள் வாங்குவதைப் போல மூன்று பங்கு கூலி கேட்பான். கொடுத்தவர்கள் கொடுத்தார்கள், முடியாதவர்கள் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். அவன் கவலைப்பட்டதில்லை.

எண்பத்தொன்றில் ஒரு நகைக்கடைச் சுவரில் கல்யாணப் பெண்ணுக்கு ஜிமிக்கி வரைந்துகொண்டிருந்தபோது சாரத்தின் கயிறு நழுவியது. கீழே ஜல்லிக் குவியல். சேலத்து ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு, இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கைகள் இரண்டும் நன்றாக இருந்தன. தலைமாட்டில் தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தால் மடியில் பலகை வைத்துப் படம் போடுவான். ஆனால் ஆறடித் தகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக அவனால் ஆகாது.

அவன் மனைவி தீர்த்தம்மாள், தீர்த்தமலைப் பக்கத்துப் பெண். எட்டாவது வரை படித்தவள். குழந்தை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து கடையில் அவள் வேலை பிரஷ் கழுவுவது, எனாமல் கலக்குவது, அவன் கோடு போட்டு வைத்த பெரிய எழுத்துகளுக்குள் வண்ணம் நிரப்புவது. இப்போது அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகில் புண் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரவும் அப்படித்தான். தீர்த்தம்மாள் ஒரு முழுத் தூக்கம் தூங்குவதை மறந்தாள். அம்மா வீட்டுக்குப் போவதையும் மறந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளில் அப்துல் சுபான் கடைக்கு வந்தார். வாடகை சைக்கிள் கடை வைக்கப் போகிறவர். கடைக்கான தகரத்தை விபத்துக்கு முன்பே கொடுத்து வைத்திருந்தார். ஒரு பெண் சைக்கிள் ஓட்டிப் போகிற மாதிரி படம் போடுவதாகப் பேச்சு.

“தங்கச்சி, தப்பா நெனைக்காத. வெள்ளிக்கெழம கடை தொறக்கறோம். தகரத்தக் குடுத்தீங்கன்னா வேற எங்கியாச்சும் பாத்துக்குவேன்” என்றார்.

தகரத்தோடு மற்ற வேலைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. அவளுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, “வெறும் எழுத்து மட்டும் எழுதித் தரட்டுங்களாண்ணா? படம் இருக்காது” என்றாள்.

“யாரு எழுதறது?”

“நாந்தான்.”

சுபான் கட்டிலைப் பார்த்தார். வெங்கடாசலம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “சரி, படிக்கற மாதிரி இருந்தாச் சரி” என்று போய்விட்டார்.

தகரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இரண்டு முறை வெள்ளை அடித்தாள். மறுநாள் சாக்பீஸ் தூள் தடவிய நூலைப் பிடித்துச் சுண்டிக் கோடு போட்டாள். எழுத்துக்கு நிழல் கொடுக்க அவளுக்குத் தெரியாது, அதனால் கொடுக்கவில்லை. வளைத்து வளைத்து எழுதத் தெரியாது, நேராக எழுதினாள். ஓர் எழுத்து இன்னொன்றோடு இடித்துவிடுமோ என்ற பயத்தில் நடுவில் தாராளமாக இடம் விட்டாள். நீல எனாமலில் சுபான் சைக்கிள் மார்ட், வாடகை சைக்கிள், பஞ்சர் என்று மூன்று வரிகள். எழுதி முடித்து, கட்டிலுக்கு எதிரே நிறுத்திவைத்தாள்.

வெங்கடாசலம் வெகுநேரம் பார்த்தான். “தகரத்துல எழுதுன போஸ்ட் கார்டு” என்றான்.

அந்தப் போஸ்ட் கார்டு ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிக்க முடிந்தது. சுபான் வெள்ளிக்கிழமையே கடை திறந்தார். அடுத்த மாதம் ஓர் உரக்கடைக்காரர் வந்தார், பிறகு ஒரு மாவு மில்காரர், பிறகு ஓர் ஓட்டல்காரர். எல்லாரும் “சுபான் கடை போர்டு மாதிரி” என்றுதான் கேட்டார்கள். கூலி குறைவு, இரண்டே நாளில் கிடைக்கும். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் காட்ட இடமில்லை. கட்டில் நடுவில் கிடந்தது.

“ஓரத்துல ஒரு தாமரை போட்டா எடுப்பா இருக்கும். நான் போட்டுத் தரேன்” என்று வெங்கடாசலம் உள்ளிருந்து குரல் கொடுப்பான். வந்தவர்கள் தர்மசங்கடமாகத் தீர்த்தம்மாளைப் பார்ப்பார்கள். “எழுத்தே போதுங்க” என்பார்கள். அவர்கள் போன பிறகு அவன் பிரஷ் காம்பால் எனாமல் டின்னைத் தட்டுவான். தண்ணீர் வேண்டும் என்றாலும் தட்டுவான், திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்றாலும் தட்டுவான். சில சமயம் அவள் ஓர் எழுத்தின் வளைவுக்கு நடுவே பிரஷை இழுத்துக்கொண்டிருக்கும்போது தட்டுவான். எழுந்து போய்ப் பார்த்தால், “ஒண்ணுமில்ல, போ” என்பான்.

இப்படி மூன்று வருஷம் போயிற்று.

எண்பத்து நாலில் ஒகேனக்கல்லிலிருந்து மாதையன் என்பவர் வந்தார். பரிசல் ஓட்டிச் சம்பாதித்து, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் மாடி வைத்து லாட்ஜ் கட்டியிருந்தார். ரோட்டைப் பார்த்த பக்கச் சுவர் முழுதும் வெறுமையாக இருந்தது. அதில் பேரும் ‘ரூம், சாப்பாடு’ என்றும் எழுத வேண்டும்.

தீர்த்தம்மாள் பேசுமுன் வெங்கடாசலம் பேசினான். “சுவரு எவ்வளவு பெருசுங்க?”

மாதையன் கைகளை விரித்துக் காட்டினார்.

“அவ்வளவு பெரிய சுவத்துல ரெண்டு வரி எழுதறதாவது! அருவியப் போடுங்க. பரிசலு, பாறை, மேல பொகை மாதிரி தண்ணி. பஸ்ஸுல வர்றவன் எறங்கறதுக்கு முன்னாலயே வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கணும்.”

மாதையன் தலையைச் சொறிந்தார். “அருவி அங்கயே இருக்குதுங்களே ஆர்டிஸ்ட். செவுத்துல வேற எதுக்கு?”

“அருவியப் பாத்துட்டு எல்லாரும் ஊருக்குப் போயிருவாங்க. ஒங்க லாட்ஜ யாரு நெனப்பு வெச்சுக்குவா?”

வெங்கடாசலம் பலகையை மடியில் வைத்து அங்கேயே பென்சிலால் வரைந்து காட்டினான். பாறையில் மோதி உடைகிற தண்ணீர் காகிதத்தில் இரைந்தது. மாதையன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “செலவு ஆவுட்டும். இதயே போடுங்க” என்றார்.

அவர் போனதும் தீர்த்தம்மாள் கேட்டாள். “யாருங்க சாரம் ஏறுவாங்க?”

“நீதான்.”

“எனக்குப் படம் வருங்களா?”

“ஒனக்கு வர வேண்டாம். நான் கட்டம் போட்டுத் தரேன். கட்டத்துல என்ன இருக்குதோ அதச் செவுத்துக் கட்டத்துல போடு. எழுத்துக்குள்ள நெரப்பல? அது மாதிரிதான்.”

முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் முகம் அவளைத் தடுத்தது. விழுந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. சவரம் பண்ணிவிடச் சொன்னான். நல்ல சட்டை கேட்டான். பத்து நாள் உட்கார்ந்து பெரிய தாளில் அருவியை வரைந்து கட்டம் கட்டமாகப் பிரித்தான். அந்தப் பத்து நாளும் டின்னை ஒருமுறை கூடத் தட்டவில்லை.

தை மாசத்தில் ஒரு மெட்டடார் வேனில் கட்டிலையும் கணவனையும் பெயிண்ட் டின்களையும் ஏற்றிக்கொண்டு போனாள். சாரம் கட்டுவதற்கும் தூக்கி இறக்குவதற்கும் சுண்ணாம்பு அடிக்கிற பச்சியப்பன் கூட வந்தார். லாட்ஜில் கீழறை ஒன்றை மாதையன் ஒழித்துக் கொடுத்தார். காலையில் கட்டிலை வெளியே தூக்கிச் சுவருக்கு எதிரே புளியமரத்தடியில் போடுவார்கள். வெங்கடாசலம் அதில் சாய்ந்து உட்கார்ந்து கத்துவான்.

“மேல! இன்னும் மேல! வெள்ளைய அப்படியே அப்பாத, இழு! ஏன்டி, கண்ணு இருக்குதா ஒனக்கு?”

பஸ்ஸில் இறங்கியவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் நிற்கிற பெண்ணையும், கீழே கட்டிலில் கிடந்து திட்டுகிற ஆணையும் சேர்த்துப் பார்த்தார்கள். மீன் வறுக்கிற கடைக்காரிகள் சிரித்தார்கள். தீர்த்தம்மாள் சுவரோடு முகத்தை வைத்துக்கொண்டாள். அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தால் அருவி தெரியாது. ஒரு கட்டத்தில் சாம்பல், ஒரு கட்டத்தில் பச்சை, ஒரு கட்டத்தில் வெள்ளை. என்ன வரைகிறோம் என்றே தெரியாமல் வரைந்தாள். நிஜ அருவியின் இரைச்சல் மட்டும் நாள் முழுதும் காதில் விழுந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்க்க நேரமில்லை. இறங்கினால் அவனைப் புரட்ட வேண்டும், துடைக்க வேண்டும், சோறு போட வேண்டும், மறுபடியும் ஏற வேண்டும்.

படம் முடிந்த அன்று மாதையன் மனைவி குள்ளம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “ஏ புள்ள, இத்தன நாளு இங்க இருந்துட்டு தண்ணியப் பாக்காமயா போவ? வா, சுருக்கா வந்துரலாம்.”

பாறைகளுக்கு நடுவே கூட்டிப் போய் நிறுத்தினாள். அவ்வளவு தண்ணீர். அது எங்கும் நிற்காமல், யாரையும் கேட்காமல் விழுந்து, எழுந்து, ஓடிக்கொண்டே இருந்தது. சாரல் தீர்த்தம்மாளின் முகத்தை நனைத்தது. கீழே ஒரு பரிசல் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

“அந்தப் பக்கம் என்னங்கக்கா?”

“கர்நாடகா. அங்கிருந்து பஸ் ஏறுனா கொள்ளேகால், மைசூரு, எங்க வேணும்னாலும் போவலாம்.”

பரிசலில் ஒரு பெண் மடியில் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் யாரோ, எங்கே போகிறாளோ. தீர்த்தம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். தனக்கு எழுதத் தெரியும், எந்த ஊரிலும் கடைகளுக்குப் போர்டு வேண்டும் என்று தோன்றியது. குள்ளம்மாள் என்னவோ கேட்டாள், காதில் விழவில்லை. பரிசல் அக்கரையைத் தொட்டது. அந்தப் பெண் இறங்கி மேட்டில் ஏறிப் போனாள்.

“நேரமாச்சுங்கக்கா, அவரத் திருப்பிப் படுக்க வெக்கணும்” என்றாள் தீர்த்தம்மாள்.

திரும்பி வந்தபோதுதான் சுவரைத் தள்ளி நின்று முதன்முதலாகப் பார்த்தாள். அருவி இருந்தது. நன்றாகவே இருந்தது. கீழ் மூலையில் பச்சியப்பன் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட, வெங்கடாசலம் எட்டி ‘வெங்கட்’ என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள். ஆனால் அருவி பேர் வாங்கியது. பென்னாகரத்தில் ஒரு கல்யாண மண்டபம், பாப்பாரப்பட்டியில் ஒரு டூரிங் டாக்கீஸ், அரூரில் ஒரு டிராக்டர் கம்பெனி. எல்லாரும் படம் கேட்டார்கள். கால் போன பிறகும் கை விடாத ஆர்டிஸ்ட் என்று வெங்கடாசலத்தைப் பார்க்கவே ஆள் வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் மெட்டடார் வேன், கட்டில், சாரம், கட்டம், திட்டு. கூலி நிறைய வந்தது. வேனுக்கும் பெயிண்டுக்கும் சாரத்துக்கும் நிறையப் போனது. எழுத்து வேலைக்கு அவளுக்கு நாளே கிடைக்கவில்லை. அப்துல் சுபான் பஸ் ஸ்டாண்டுக்கு உள்ளே இரண்டாவது கடை வைத்தபோது தகரத்தோடு வந்து நின்றார். வெங்கடாசலம், “இந்த மாதிரி சில்லறை வேலையெல்லாம் இப்ப எடுக்கறதில்ல பாய்” என்றான். சுபான் தீர்த்தம்மாளைப் பார்த்தார். அவள் அரூர் சுவருக்கு மஞ்சள் கலக்கிக்கொண்டிருந்தாள். அவர் தகரத்தை எடுத்துக்கொண்டு போனார். அன்று அவள் அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள். சத்தம் வராமல் அழ வேண்டியிருந்தது. அந்த வீட்டில் கதவு இல்லை.

எண்பத்தாறில் பாலக்கோட்டில் நூர் பாஷா ஜவுளிக்கடை திறக்க இருந்தார். பட்டுப்புடவை கட்டிய கல்யாணப் பெண் மாடிச் சுவர் முழுக்க வேண்டும் என்று கேட்டார். வெங்கடாசலம் இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி வரைந்தான். ஜிமிக்கி, நெற்றிச்சுட்டி, மூக்குத்தி என்று ஒன்றையும் விடவில்லை. தீர்த்தம்மாள் அந்த ஜிமிக்கியைப் பார்த்தாள். அவன் விழுந்த அன்று வரைந்துகொண்டிருந்ததும் ஜிமிக்கிதான்.

மூன்றாம் நாள் மேல் பலகையில் நின்று பெண்ணின் ஒரு கண்ணை முடித்துவிட்டு, மறு கண்ணுக்குப் பிரஷை நீட்டினாள். அன்று காற்று அதிகம். பலகையின் ஒரு முனை சட்டென்று ஒரு சாண் இறங்கியது. கையில் அகப்பட்ட சவுக்குக் கழியைக் கட்டிப் பிடித்தாள். பெயிண்ட் டின் கீழே போய் ரோட்டில் சிதறியது. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். பச்சியப்பன் குரங்கு மாதிரி மேலே தாவினார்.

எல்லாச் சத்தத்துக்கும் மேலே அவன் குரல் கேட்டது. “டின்னு போச்சா? அது ஒரு மணி நேரமாக் கலந்த கலருடி!”

பச்சியப்பன் பலகையை இறுக்கிக் கட்டி, “ஒண்ணுமில்லம்மா, முடிச்சு நழுவிப் போச்சு. இப்பச் செரியாயிருச்சு” என்றார். தீர்த்தம்மாள் மெதுவாக இறங்கினாள். நடந்து போய்க் கட்டிலின் பக்கத்தில் நின்றாள்.

“இனிமே நான் ஏறலைங்க.”

“என்னது?”

“ஏறல. இங்கயும் இல்ல, எங்கயும் இல்ல.”

நூர் பாஷா கடை வாசலில் நின்றிருந்தார். சுற்றிலும் ஆட்கள். வெங்கடாசலத்தின் முகம் சிவந்தது. “ஒத்தக் கண்ணோட நிக்குது பொண்ணு. ஏறி முடிச்சுட்டு அப்புறம் பேசு.”

“முடியாதுங்க.”

“அப்ப நான் எதுக்குடி உசுரோட இருக்கணும்? இந்தப் படம் ஒண்ணுதான எனக்கு? அதையும் புடுங்கிக்கிட்டா நான் என்ன, கட்டையா?”

அவள் குரல் உயரவில்லை. “நான் உழுந்துட்டா ஒங்கள யாருங்க திருப்பிப் படுக்க வெப்பாங்க?”

அவன் சுவரில் இருந்த ஒற்றைக் கண்ணையே பார்த்தான். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

கடைசியில் நூர் பாஷாதான் பேசினார். “ஒத்தக் கண்ணா உட்டா சனங்க சிரிக்கும்மா. கடை தொறக்க நல்ல நாள் வேற குறிச்சுட்டோம். என்ன பண்றது?”

“அழிச்சிரலாம் பாய். கீழ் பாதில ஏணி போட்டு ஒங்க கடைப் பேர எழுதித் தரேன். நாளைக்குள்ள முடிஞ்சிரும். படத்துக்குப் பேசுனது வேண்டாம், எழுத்துக்கு உண்டானதக் குடுங்க.”

பச்சியப்பன் சுண்ணாம்பு வாளியோடு மேலே ஏறினார். சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை நனைத்து இழுத்தார். முதலில் நெற்றிச்சுட்டி போயிற்று, பிறகு கண், பிறகு ஜிமிக்கி. வெங்கடாசலம் சுவருக்கு நேரே சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலையைத் திருப்பினால் அந்தப் பக்கம் கும்பல், இந்தப் பக்கம் கும்பல்.

“தீர்த்தா, என்னய அந்தப் பக்கம் திருப்பிப் போடு” என்றான்.

தலையணைகளை எடுத்துவிட்டு, அவன் தோளுக்கடியில் கை கொடுத்துச் சுவருக்கு முதுகு காட்டிப் படுக்க வைத்தாள். அவன் அழுதானா என்று குனிந்து பார்க்கவில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் சிவப்பு எழுத்தில் ‘நூர் ஜவுளி ஸ்டோர்’ என்று ரோட்டின் இரண்டு பக்கமிருந்தும் தெரிந்தது.

அதற்குப் பிறகு பல வாரம் அவன் அவளோடு பேசவில்லை. டின்னைத் தட்டுவான், சாப்பிடுவான், புரட்டினால் புரளுவான். படம் கேட்டு வந்தவர்களிடம் அவள் “இப்பப் போடறதில்லைங்க” என்றாள். அவன் கேட்டுக்கொண்டு கிடந்தான். எழுத்து வேலைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவளே சுபான் கடைக்குப் போய், “அண்ணா, தகரம் ஏதாச்சும் இருந்தாக் குடுங்க” என்று கேட்டு வாங்கி வந்தாள். கூலி முன்போல் குறைவுதான். வீடு நடந்தது. பிறகு ஒருநாள் வெங்கடாசலம் காகிதம் கேட்டான். வாங்கிக் கொடுத்தாள். படம் போட ஆரம்பித்தான். எந்தச் சுவருக்கும் போகாத படங்கள். கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டியில் சேர்ந்துகொண்டே போயின.

எண்பத்தெட்டு மாசி மகத்துக்கு அவள் அண்ணன் வந்து தீர்த்தமலைத் தேருக்கு ஒரு நாளாவது வா என்று கெஞ்சினான். ஏழு வருஷமாகப் போகவில்லை. பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் புருஷனோடு வந்து இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். தீர்த்தம்மாள் போனாள். தேரைப் பார்த்தாள். அம்மா மடியில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் தூங்கினாள். இரண்டு மணி நேரத்தில் தானாக விழிப்பு வந்துவிட்டது. இன்னும் ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போ என்றார்கள். பகல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள்.

பொழுது சாய வீட்டுக்கு வந்தாள். சென்னம்மாள் போனதும் வெங்கடாசலம் கேட்டான்.

“வழில போர்டெல்லாம் பாத்தியா?”

“பாத்தேன்.”

“அரூர்ல?”

“பஸ் ஸ்டாண்டுல புதுசா ஒண்ணு வெச்சிருக்காங்க. பிளாஸ்டிக்கு. உள்ளுக்குள்ள டியூப் லைட்டுப் போட்டு எரியுது.”

“படம் இருக்குதா?”

“இல்லைங்க. வெறும் எழுத்துதான்.”

“என்ன எழுத்து? நிழல் குடுத்திருக்கறானா?”

“குடுத்திருக்கறான். மஞ்சள்ல பச்ச நிழலு. கண்ணக் குத்துது.”

“மஞ்சளுக்குப் பச்ச நிழல் குடுப்பானாடி ஒருத்தன்? காவி குடுக்கணும்.”

“நிழலே வேண்டாம்” என்றாள் தீர்த்தம்மாள்.

“அதெப்படி வேண்டாம்?” என்று அவன் ஆரம்பித்தான். அவள் பையை ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். அவன் பேசிக்கொண்டே இருந்தான், அவளும் அங்கிருந்தபடியே ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.